மாப்பிள்ளையின் மூக்கு

"நீ என்ன சொன்னாலும் சரி, இன்னிக்கு அந்தப் பொண்ணுகிட்ட நான் சொல்லத்தான்—"

"சொல்லுங்க, நல்லா சொல்லுங்க. சொல்லிட்டு என் வீட்டுக்காரர் மூஞ்சில எப்படி முழிப்பீங்கன்னு நானும்—"

"உன் வீட்டுக்காரரை நான் எங்கடி இழுத்தேன்? என் பேரைத்தானே சொல்லப்—"

"உங்க பேரைச் சொன்னா அடுத்த கேள்வியே அவரு பேருதான்க்கா! அந்தப் பொண்ணு கேக்காம வுட்டுருமா?"

வேனை ஓட்டிக்கொண்டிருந்த செல்வா கண்ணாடியில் இருவரையும் பார்த்தான். "ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசினா நான் யாருக்கு லா ஆமா போடறது?"

"நீ ரோட்டைப் பாரு!" என்றார்கள் இரண்டு பேரும். பெக்கோக்கிலிருந்து புறப்பட்டதிலிருந்து அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

செல்வா ரேடியோவைக் கூட்டிவைத்துவிட்டு ரோட்டைப் பார்த்தான். வெளியே மழை. இரண்டு பக்கமும் செம்பனை மரங்கள் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு நனைந்துகொண்டிருந்தன. பதினொரு வருஷமாக இதே வேன், இதே இருக்கை. ஜன்னலோரம் வெள்ளையம்மா, அவளை ஒட்டி கத்தரின், கத்தரினின் மடியில் மூன்றடுக்குச் சாப்பாட்டு டப்பா. லாபிஸில் ஆள் ஏற்றிக்கொண்டு சிகாமட் பிஸ்கட் தொழிற்சாலை வாசலில் போய் நிற்கும்வரை இந்த இரண்டு பேருக்கும் பேச்சு ஓயாது. கத்தரினின் மகள் படிப்பு, வெள்ளையம்மாவின் முட்டிவலி, போன ஞாயிறு கோயிலில் பாதிரியார் இருமியே பூசையை முடித்தது, எல்லாம் பேசுவார்கள். சண்டை போட்டு யாரும் பார்த்ததில்லை. அதனால்தான் பின்னிருக்கையில் தூங்க வேண்டியவர்கள்கூட இன்று கண்ணை மூடிக்கொண்டு காதைத் திறந்து வைத்திருந்தார்கள்.

சண்டை ஒரு பொத்தானைப் பற்றியது. வெளியாளிடம் சொன்னால் சிரிப்பார்கள்.

க்ரீம் பிஸ்கட் லைனில் நான்கு பெண்கள். வெள்ளையம்மா லைன் லீடர். அவளோடு கத்தரின், எல்லோருக்கும் அக்காவான மலாய்க்காரி காக் நோர், பிரேமலா. உறை போட்டு வருகிற பிஸ்கட் பொட்டலங்களைப் பார்த்து, நொறுங்கியதை ஒதுக்கி, பன்னிரண்டு பன்னிரண்டாக மெல்லிய பிளாஸ்டிக் தட்டில் அடுக்கித் தள்ளுவது அவர்கள் வேலை. லைன் முடிகிற இடத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் ஓர் இயந்திரக் கை இருக்கிறது. அது நான்கு ரப்பர் குழிகளால் தட்டை உறிஞ்சித் தூக்கிப் பெட்டிக்குள் வைக்கும். அந்தக் கை வந்த முதல் வாரமே வெள்ளையம்மா அதற்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்துவிட்டாள். எல்லாவற்றையும் அதன் முன்னால் கொண்டுபோய் வைக்க வேண்டும். நேராக வைக்க வேண்டும், ஈரமில்லாமல் வைக்க வேண்டும். ஒரு விரல் அகலம் விலகினால் போதும், முறுக்கிக்கொண்டு நின்றுவிடும். கூப்பிட்டுச் சமாதானம் செய்ய ஆள் வர வேண்டும். அந்த ரப்பர் குழிகளுக்குத் தாளில் என்ன பேர் போட்டிருந்தார்களோ, லைனில் அவை மூக்கு. பிஸ்கட் தூள் ஏறி ஏறி மூன்று வாரத்தில் மூக்கு தேய்ந்துவிடும். தேய்ந்தால் உறிஞ்சாது, உறிஞ்சாவிட்டால் தட்டு விழும், தட்டு விழுந்தால் சிவப்பு விளக்கு.

சிவப்பு விளக்கு எரிந்தால் ஏன் நின்றது என்று பக்கத்துப் பலகையில் ஓர் எண்ணை அமுக்கிச் சொல்ல வேண்டும். அமுக்குகிறவள் தன் வேலை அட்டையையும் காட்ட வேண்டும். மூன்றாம் நம்பர், இயந்திரக் கோளாறு. ஏழாம் நம்பர், ஆள் தவறு. மூன்றாம் நம்பர் போட்டால் கூண்டு பூட்டிக்கொள்ளும். டெக்னீஷியன் வந்து தன் அட்டையைத் தொட்டால்தான் திறக்கும். ஏழாம் நம்பர் போட்டால் கூண்டு தானாகத் திறக்கும். விழுந்ததை எடுத்துப் போட்டுவிட்டுச் சாத்தினால் அரை நிமிஷத்தில் மாப்பிள்ளை சிரித்த முகத்தோடு வேலைக்கு வந்துவிடும்.

ஆரம்பத்தில் நியாயமாக மூன்றைத்தான் போட்டார்கள். அப்போது டெக்னீஷியன்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவன் மகேஸ்வரன், அவன் சிங்கப்பூருக்குப் போய்விட்டான், அவன் இடத்துக்கு யாரும் வரவில்லை. மிஞ்சியவன் அமலதாஸ், கத்தரினின் வீட்டுக்காரன். அடுப்பு அவன், மாவு பிசைகிற இயந்திரம் அவன், மூன்று லைனும் அவன். மூன்றாம் நம்பர் போட்ட நிமிஷத்திலிருந்து அவன் அட்டை தொடுகிறவரை கம்ப்யூட்டர் எண்ணிக்கொண்டே இருக்கும். பதினைந்து நிமிஷம் தாண்டினால் ஆபீஸுக்குத் தாள் போகும். அப்படிப் போய்ப் போய் அமலதாஸுக்கு இரண்டு எச்சரிக்கைக் கடிதம் வந்துவிட்டது. மூன்றாவது வந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அந்த வாரம்தான் வெள்ளையம்மா லைனில் சொன்னாள்: "இனிமே நின்னா ஏழு போடுங்க. நம்ம கையாலேயே எடுத்துப் போட்டுட்டு ஓட்டிக்குவோம்." மறுவாரத்திலிருந்து கத்தரினின் டப்பாவில் கடைசி அடுக்கில் சோறு வரவில்லை, மூக்கு வந்தது. அமலதாஸ் கொடுத்துவிடுவான், பத்து மணி ஓய்வில் ஏழைப் போட்டுக் கூண்டைத் திறந்து, பெண்களே பழைய மூக்கைக் கழற்றிப் புதியதை மாட்டிவிடுவார்கள். மூக்குத்தி மாட்டுகிற நேரம்கூட ஆகாது.

லைன் நிற்கவில்லை. அந்த வருஷ விருந்தில் சிறந்த லைன் என்று மேடைக்குக் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு சோறாக்கும் குக்கர் கொடுத்தார்கள். 'ஏழு போடு' என்பது லைனில் ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது. கத்தரினின் மகள் பரீட்சையில் கோட்டை விட்டபோது, "பிள்ளையைத் திட்டாதே, ஏழு போட்டுட்டு அடுத்ததைப் பாரு" என்றாள் வெள்ளையம்மா. காக் நோர் வீட்டில் மாமியாரிடம்கூட ஏழு போடுகிறாளாம். யார் தப்பாக இருந்தாலும் என் தப்பு என்று சொல்லிவிட்டால் வேலை ஓடும். ஓடியது, இரண்டு வருஷம்.

சீனப் பெருநாள் கழித்து இரண்டாவது கை வரப்போகிறது என்றார்கள். பொட்டலத்தைத் தட்டில் அடுக்குகிற கை. நான்கு பேர் இருந்த இடத்தில் ஒருத்தி போதும். யார் அந்த ஒருத்தி என்று பார்க்க ஜோகூர் பாருவிலிருந்து லோஷினி என்ற பெண் வந்து நான்கு நாளாக லைன் ஓரத்தில் நிற்கிறாள். நல்ல பெண். யாரையும் அதட்டவில்லை, சாப்பாட்டு நேரத்தில் காண்டீனில் இவர்களோடு உட்கார்ந்து மீ நூடுல்ஸ் சாப்பிட்டாள். நேற்றுப் போகிற நேரத்தில் வெள்ளையம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு தாளைக் காட்டினாள்.

"ஆன்ட்டி, இந்த லைன் ரெண்டு வருஷத்துல ஆயிரத்து எண்ணூறு தடவை நின்னிருக்கு. எல்லாமே ஆள் தவறுன்னு இருக்கு. மெஷின் ஃபால்ட் ஒண்ணுகூட இல்ல. அதுலயும் இந்த பிரேமலா, வந்து ஒரு வருஷம்கூட ஆவல, அவங்க பேர்லயே அறுநூத்திப் பதினேழு. இவங்களுக்கு ட்ரெய்னிங் குடுத்தீங்களா?"

பிரேமலா நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில்தான் அந்தப் பலகை இருந்தது. எட்டினால் கைக்கு வரும். அதனால் அமுக்குவது அவள் வேலை என்று ஆகிவிட்டது. மூன்று வயதிலும் ஐந்து வயதிலும் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, புருஷன் எங்கே என்று யாரும் கேட்காதபடி சிரித்துக்கொண்டு, நால்வரில் வேகமாக அடுக்குகிறவள் அவள். அவளுக்கு ஏழு ஏன் போடுகிறோம் என்றுகூடத் தெரியாது. போடச் சொன்னார்கள், போட்டாள். அந்தத் தாளைப் பார்த்ததிலிருந்து வெள்ளையம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. தான் இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொடுத்த சாமர்த்தியமெல்லாம் ஒரு பிள்ளைக்காரியின் தலையில் போய் உட்கார்ந்திருக்கிறது.

"அக்கா." கத்தரினின் குரல் இறங்கியிருந்தது. வேன் சிகாமட் பாலத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. ஆறு பால்தேத்தண்ணி நிறத்தில் கரை முட்டிப் போய்க்கொண்டிருந்தது. "இன்னிக்கு ஒரு நாள் பொறுங்க. வீட்டுக்குப் போயி நான் அவருகிட்ட பேசறேன். அவரே வந்து சொல்லட்டும். என் வேலை போனா போவட்டும்க்கா, நான் எங்கியாச்சும் பாத்திரம் கழுவிக்குவேன். அவரு வேலை போனா வீடு நின்னுரும்."

கத்தரின் டப்பாவை மாற்றி மடியில் வைத்தாள். கடைசி அடுக்குக்குள் மூக்குகள் உருண்டு சத்தம் கேட்டது.

"சரி. நாளைக்கு வரைக்கும்," என்றாள் வெள்ளையம்மா.

அன்றைக்கு மாப்பிள்ளை காலையிலிருந்தே சரியில்லை. மழைக்காலத்தில் அப்படித்தான். காற்றில் ஈரம் ஏறினால் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கை ஒன்றை எடுத்தால் அடியில் இன்னொன்று தொற்றிக்கொண்டு வந்து பாதியில் விழும். அதனால் காக் நோர் தட்டுக் கட்டை எடுத்துச் சீட்டு கலைப்பதுபோல் ஒருமுறை விசிறிவிட்டுத்தான் வைப்பாள். கத்தரின் ஒவ்வொரு தட்டின் ஓரத்தையும் உள்ளங்கையால் ஒரு தடவு தடவுவாள். கடைசியில் நிற்கிற பிரேமலா, பெட்டி வர ஒரு நொடி பிந்தினால், தட்டை விரல் நுனியால் பிடித்து நிறுத்தி அப்புறம் விடுவாள். இதெல்லாம் யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. காக் நோர் விசிறுகிற ஒவ்வொரு முறையும் லோஷினி தன் கைக் கம்ப்யூட்டரில் விரலால் ஒரு குறி போட்டாள். வெள்ளையம்மா எட்டிப் பார்த்தாள்.

"அது என்ன மிஸ் கணக்கு?"

"வேலைக்குத் தேவையில்லாத அசைவு, ஆன்ட்டி. ஒரு தடவைக்கு ரெண்டு செகண்ட்." பிறகு, கூச்சத்தோடு, "நீங்க எப்பவும் போல செய்ங்க. நான் இங்க இல்லேன்னு நெனச்சுக்குங்க."

"கல்யாண வீட்டுல வீடியோக்காரன் சொல்ற மாதிரியே இருக்கு."

லோஷினி சிரித்துவிட்டாள். அவளுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. பாதுகாப்புக் காலணி புதிது. நடக்கும்போது கடித்தது போலிருக்கிறது, குதிகாலில் பிளாஸ்டர் தெரிந்தது. வியாழக்கிழமை பெரிய ஆபீஸில் பேச வேண்டும், இதுதான் தனக்கு முதல் வேலை என்று காண்டீனில் சொல்லியிருந்தாள். இந்தப் பெண்ணை எதிரி என்று நினைத்துக்கொண்டால் எவ்வளவு சுலபமாக இருக்கும் என்று வெள்ளையம்மாவுக்குத் தோன்றியது. அவள் இடம் கொடுக்கவில்லையே.

பதினொரு மணி இருக்கும். தட்டு விழுந்தது. பன்னிரண்டு பொட்டலமும் கூண்டுக்குள் சிதறின. சிவப்பு விளக்கு.

"அலாமாக், மாப்பிள்ளை மெராஜோக் லாகி!" என்றாள் காக் நோர். மறுபடி ஊடிக்கொண்டாராம். மூன்று பேரும் சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே பிரேமலா தன் அட்டையைத் தூக்கினாள். பார்க்காமலேயே அவள் விரல் ஏழுக்குப் போனது. லோஷினி தலையைக் குனிந்து எழுதத் தயாரானாள். அறுநூற்றுப் பதினெட்டு.

வெள்ளையம்மா இரண்டு எட்டில் போய் பிரேமலாவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"என்னக்கா?"

"நீ போயி உன் எடத்துல நில்லு தாயி."

அவள் கத்தரினைப் பார்க்கவில்லை. பார்த்தால் முடியாது என்று தெரியும். நாளைக்கு வரைக்கும் என்று தானே சொன்னோம், இன்னும் நாலு மணி நேரம்கூட ஆகவில்லையே என்பதும் தெரியும். ஆனால் நாளைக்கு அமலதாஸ் வந்து வாயால் சொன்னால் என்ன ஆகும்? தாளில் இருக்கிற ஆயிரத்து எண்ணூறுக்கு முன்னால் வாய்ப்பேச்சு எங்கே நிற்கும்? பெண்டாட்டிக்கு வேலை போகிறதென்று புருஷன் கதை சொல்கிறான் என்பார்கள். வெள்ளையம்மா தன் கழுத்திலிருந்த அட்டையை எடுத்துக் காட்டினாள். மூன்றை அமுக்கினாள்.

டொக் என்று கூண்டு பூட்டிக்கொண்டது. அந்தச் சத்தத்தை அவர்கள் கேட்டு வெகு காலம் ஆகியிருந்தது. பலகையில் ஒரு கடிகாரம் சிவப்பு எழுத்தில் ஓட ஆரம்பித்தது.

"அக்கா!" கத்தரினின் குரல் பின்னாலிருந்து வந்தது.

"இப்ப என்ன பண்ணணும் ஆன்ட்டி?" என்றாள் லோஷினி.

"டெக்னீஷியன் வரணும் மிஸ். வர்ற வரைக்கும் மாப்பிள்ளை வேலை செய்ய மாட்டாரு. ஆனா பிஸ்கட்டு வந்துக்கிட்டேதானே இருக்கும்? அடுப்பை நிறுத்த முடியாதே." வெள்ளையம்மா கையுறையை இழுத்துவிட்டாள். "காக், பெட்டியை எடுத்து இங்க வையிங்க. பிரேமலா, நீ அடுக்கு. கத்தரின்…" அவள் முகத்தைப் பார்க்காமலேயே சொன்னாள், "நீ பெட்டில எறக்கு."

கத்தரின் வந்தாள். கோபம் கோபமாக இருக்கட்டும், வரிசையாக வந்துகொண்டிருக்கிற பொட்டலத்துக்கு அது தெரியுமா? கூண்டுக்கு வெளியே ஒரு மேசையை இழுத்துப் போட்டுக்கொண்டு நான்கு பேரும் கையாலேயே பெட்டியில் இறக்கினார்கள். ஒருத்தி கை நீட்டினால் மற்றவள் கையில் தட்டு இருந்தது. காக் நோர் பெட்டியை மடித்து, நாடா ஒட்டி, காலால் தள்ளினாள். பத்து நிமிஷம் ஓடியது. பெட்டி மடிக்க ஆள் போதவில்லை என்று பார்த்த லோஷினி, கம்ப்யூட்டரை ஓரமாக வைத்துவிட்டு ஒரு அட்டையை எடுத்து மடிக்கப் பார்த்தாள். அடிப்பக்கம் மேலே வந்தது. "மிஸ், இத்து ருமா கா, கோத்தாக் கா?" என்று காக் நோர் கேட்டாள். வீடு கட்டுகிறாயா, பெட்டி செய்கிறாயா? லோஷினி காது சிவக்கச் சிரித்துக்கொண்டு அடுத்ததைச் சரியாக மடித்தாள்.

இருபத்திரண்டாம் நிமிஷத்துக்கு மேல் அவர்களால் முடியவில்லை. கை வலித்தது, மூச்சு வாங்கியது, உறை போடுகிற இயந்திரத்தின் வாயில் பொட்டலங்கள் மலையாகக் குவிந்து அதுவும் மஞ்சள் விளக்கைப் போட்டு நின்றது. அதற்குப் பின்னால் அடுப்பிலிருந்து வந்த பிஸ்கட்டுகள் உறையில்லாமல் தொட்டியில் கொட்டிக்கொண்டே இருந்தன. நான்கு பெண்களும் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். லைன் ஓடுகிற சத்தம் இல்லாதபோதுதான் கூரையில் மழை இவ்வளவு பலமாகப் பெய்கிறது என்று கேட்டது.

முப்பத்தெட்டு நிமிஷம். அமலதாஸ் வந்தான். ஓடி வந்திருக்கிறான், புருவமெல்லாம் மாவு. பலகையில் மூன்றைப் பார்த்தான், கடிகாரத்தைப் பார்த்தான், வெள்ளையம்மாவைப் பார்த்தான். கத்தரின் தலையைக் குனிந்து, நிற்கிற பட்டையில் இருந்த ஒரு பொட்டலத்தைச் சும்மா நேராக வைத்தாள்.

அவன் அட்டையைத் தொட்டான். கூண்டு திறந்தது. பலகையில் ஏதோ வரி ஓடியது. லோஷினி குனிந்து படித்தாள்.

"அங்கிள், நீங்க இந்த மெஷினைக் கடைசியாத் தொட்டு ரெண்டு வருஷம் ஆவுதுன்னு காட்டுது. ரெண்டு வருஷமா ஒரு ரிப்பேருமே இல்லியா?" சொல்லிக்கொண்டே கையின் நுனியில் இருந்த மூக்கைப் பார்த்தாள். "ஆனா இந்த கப் ரெண்டு வருஷப் பழசு இல்லியே. மூணு வாரத்துக்கு மேல வராதுன்னு புக்ல போட்டிருக்கான். யாரு மாத்துனது?"

பிரேமலா ஒன்றும் புரியாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"நாந்தான் மிஸ்," என்றாள் வெள்ளையம்மா. "ஏழு போடச் சொன்னதும் நாந்தான். இதுங்களுக்கு ஒண்ணும் தெரியாது. மூணு போட்டா லைன் இப்படித்தான் நிக்கும். ஏழு போட்டா ஓடும். ஓடணும்னு போட்டோம்." அவள் இன்னும் சத்தமாகப் பேசினாள். "அந்தத் தாள்ல இருக்கிற அறுநூத்திப் பதினேழு இந்தப் புள்ளையோடது இல்ல. என்னோடது. அவ கையை நான் கடன் வாங்கிக்கிட்டேன், அவ்வளவுதான்."

"இந்த கப்பு உங்களுக்கு எப்படி ஆன்ட்டி கெடைச்சுது? ஸ்டோர்ல டெக்னீஷியனுக்குத்தானே குடுப்பாங்க?"

வெள்ளையம்மா அதற்கு ஒரு பொய்யைத் தேடினாள். காலையிலிருந்து தேடி வைத்திருக்க வேண்டும். அது வருவதற்குள் அமலதாஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னான்:

"நான் குடுத்துவுட்டேன், மிஸ். மூணு லைனு, ஒரு ஆளு. எனக்குப் பதிலா இவங்க செஞ்சாங்க."

லோஷினி கம்ப்யூட்டரை எடுத்தாள். எதையோ தட்ட விரலைக் கொண்டுபோய், தட்டாமல் நிறுத்தினாள். "இதுல எத்தன நெசமாவே உங்க தப்பு ஆன்ட்டி? ஆயிரத்து எண்ணூறுல?"

இல்லவே இல்லை என்று சொல்லியிருக்கலாம். வெள்ளையம்மா யோசித்தாள். கத்தரினுக்கு அப்பா தவறிய வாரம் அவள் தட்டைத் தலைகீழாக வைத்தது. தானே தூங்கி வழிந்து கையை விட்டது. பிரேமலா கண்ணைத் துடைக்கப் போய்ப் பொட்டலம் குறைந்தது. "நூத்துக்குப் பத்து இருக்கும் மிஸ். அது ஏழுதான். நியாயமான ஏழு."

"இதை எழுதினா ரெகார்டைப் பொய்யா போட்டதுக்கு உங்க மேல ஆக்‌ஷன் எடுப்பாங்க. அங்கிள் மேலயும். எழுதாம வுட்டா…" அவள் பிரேமலாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பிரேமலாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது போலிருந்தது. அவள் சிரிப்பு மெல்லக் கழன்று விழுந்தது. "நான் யோசிக்கணும்," என்று லோஷினி சொல்லிவிட்டுப் போனாள். பாதி தூரம் போய்த் திரும்பி வந்து, காக் நோரிடம், "அந்தத் தட்டை விசிறினீங்கள்ல, விசிறலேன்னா என்னாகும்?" என்று மலாயில் கேட்டாள். காக் நோர் விசிறாமல் இரண்டு தட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். லோஷினி மேல்தட்டைத் தூக்கினாள். இரண்டும் சேர்ந்து வந்தன. அவள் அவற்றை நகத்தால் பிரித்துப் பார்த்துக்கொண்டே போனாள்.

மாப்பிள்ளை வேலைக்குத் திரும்பினார். அமலதாஸ் கருவிப் பையை மூடிக்கொண்டே வெள்ளையம்மாவின் பக்கத்தில் வந்து நின்றான்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா."

"சொல்லியிருந்தா நீ ஓடி வந்திருப்பே தம்பி. எல்லாத்தையும் போட்டுட்டுப் பத்து நிமிஷத்துல வந்து நின்னிருப்பே. மூணு லைனுக்கும் ஒரு டெக்னீஷியன் போதும்னு அந்தப் பொண்ணு எழுதியிருக்கும்."

அவன் பையின் வாரைத் திருகினான். "அடுப்பு பெல்ட்டு அறுந்துபோச்சு. அதை வுட்டுட்டு வர முடியல," என்றான், அவளிடம் சொல்வதுபோலவும் நிமிஷம் எண்ணுகிற கம்ப்யூட்டரிடம் சொல்வதுபோலவும். பிறகு போய்விட்டான். போகும்போது பெண்டாட்டியின் தோளை லேசாகத் தொட்டான். கத்தரின் நகரவுமில்லை, திரும்பவுமில்லை.

மூன்று மணிக்கு வேன் ஏறும்போது கத்தரின் செல்வாவுக்குப் பின்னால், முதல் இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டாள். வெள்ளையம்மா பழைய இடத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்து இடம் காலியாக இருந்தது. வழக்கமாகக் கத்தரினுக்கென்று விட்டுவைக்கிற அந்த இடத்தில் யாரும் உட்காரவில்லை. அவரவருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. பிரேமலா இந்த வேன் இல்லை, அவள் சிகாமட்டிலேயே இருப்பவள். வாசலில் குடை பிடித்துக்கொண்டு நின்றவள், வேன் திரும்பும்போது வெள்ளையம்மாவைப் பார்த்துக் கையை அசைத்தாள். நன்றியா, போய் வாருங்கள் என்பதா, மழையில் சரியாகத் தெரியவில்லை.

செல்வா ரேடியோவைப் போடவில்லை. "என்ன, காலையில அந்தச் சத்தம், இப்ப இந்த அமைதி. எனக்குத் தூக்கம் வருது லா," என்றான். யாரும் ரோட்டைப் பார் என்று சொல்லவில்லை. அவனே பார்த்துக்கொண்டான்.

பாலத்தடியில் ஆறு காலையைவிட ஏறியிருந்தது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி நிமிர்ந்தபடியே, யாரோ உட்கார்ந்து போவதுபோல, மிதந்து போனது. செய்தது சரியா என்று வெள்ளையம்மா தன்னையே கேட்டுக்கொண்டாள். பிரேமலாவை நினைத்தால் சரியாக இருந்தது. அமலதாஸின் மாவு படிந்த புருவத்தை நினைத்தால் இல்லை. ஒவ்வொரு முகமாக வந்து வந்து பதிலை மாற்றியது. நாளைக்கு வரைக்கும் என்று சொன்ன சொல் மட்டும் எந்த முகம் வந்தாலும் மாறாமல் அங்கேயே நின்றது. இவ்வளவு வருஷத்தில் கத்தரினிடம் அவள் சொல்லித் தவறிய முதல் சொல் அது.

லாபிஸில் பாதிப் பேர் இறங்கினார்கள். வேன் கிளம்பியது. முதல் இருக்கையிலிருந்து கத்தரின் எழுந்து, கம்பியைப் பிடித்துப் பிடித்து ஆடிக்கொண்டே பின்னால் வந்தாள். வெள்ளையம்மா ஜன்னல் பக்கம் ஒடுங்கி இடம் விட்டாள். கத்தரின் உட்கார்ந்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. நேரே முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதிருக்கிறாள் என்று மூக்கைப் பார்த்தாலே தெரிந்தது. பிறகு அவள் மடியிலிருந்த டப்பாவின் கொக்கியை எடுத்து, ஒவ்வொரு அடுக்காகக் கழற்றிக் கடைசி அடுக்கைத் திறந்தாள். இன்றைக்கு மாட்டாமல் போன நான்கு மூக்குகள், கறுப்பாக, புதிதாக, ஒரு துளி தூள்கூடப் படாமல் கிடந்தன. வேன் குலுங்கும்போது ஒன்றையொன்று இடித்துக்கொண்டன. அவள் அந்த அடுக்கை இருவர் மடிக்கும் நடுவில் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்கு இதைக் கொண்டாரட்டுமாக்கா, வேணாமா?"